தெரு விலையை ஏற்றியவன்

நான் எடைமேடையில் வேலை பார்ப்பவன். லாரி வந்து நிற்கும்; கூண்டுக்குள் உட்கார்ந்தபடி எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பேன். சரக்கு எவ்வளவு கனம் என்று கேட்டால் டக்கென்று சொல்வேன். எவ்வளவு பெறும் என்று கேட்டால் முழிப்பேன். இந்தக் குறை வேலையோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நின்றால்தானே!

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை கிடந்தது. முள்ளும் உடைந்த தொட்டியுமாக, பூனைகூட யோசித்துத்தான் உள்ளே போகும். அங்கே மாடி கட்டுவதற்கு ஒருவர் விலை பேசுகிறார் என்று தெரிந்தது. என் மனைவி வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். அவளுக்குக் கண்ணில் கோளாறு. நல்ல வெளிச்சத்தில் தைக்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தையல் அறைக்கு இருக்கிற ஒரே ஜன்னல் அந்த மனையைப் பார்த்துத்தான் இருக்கிறது. பக்கத்தில் சுவர் எழும்பினால் அறை குகைதான்.

மனைக்காரர் வீட்டில் போய் நின்றேன். மாடி கட்ட வந்தவர் ஒரு விலை சொல்ல, நான் அதற்கு மேல் சொல்ல, கடைசியில் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டினார். அது எனக்கு வெற்றியாகப் பட்டது, பாருங்கள்! மனைவியிடம் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால், “என் கண்ணுக்கா இவ்வளவு பணம்? ஒரு பல்பு மாட்டிக் குடுங்க, போதும்” என்று காரியத்தையே கெடுத்திருப்பாள். அதனால் ‘முதலீடு’ என்று சொல்லிவைத்தேன், காலை ஆட்டிக்கொண்டு. அன்றிலிருந்து என்னைப் பற்றி யாரிடம் பேசினாலும் அவளுக்கு நான் ‘எங்க வீட்டு வியாபாரி’தான்.

அப்புறம்தான் நகர சபை தன் எல்லைக்குள் இருக்கிற நிலத்தையெல்லாம் மறுமதிப்பீடு செய்தது. எங்கள் தெருவுக்கு வந்த நோட்டீஸைப் பார்த்து ஆளாளுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். மதிப்பு எகிறியிருந்தது, வரியும் கூடவே ஏறியிருந்தது. எதிர்வீட்டு நர்ஸம்மா நேரே அலுவலகத்துக்குப் போய் ஏன் என்று கேட்டுவிட்டு வந்தார். சமீபத்தில் அந்தத் தெருவில் கைமாறியது ஒரே ஒரு மனை. அந்த விலையை வைத்துத்தான் எல்லா நிலத்தையும் மதிப்புப் போட்டோம் என்றார்களாம். அந்த மனை எது என்று நான் வேறு தனியாகச் சொல்ல வேண்டுமா?

நர்ஸம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒண்டிக்கட்டை. தெருவில் பாதிப் பேருக்கு ஊசி போட்ட கை.

“பென்ஷன்ல சாப்பிடறதா, வரி கட்டறதா தம்பி? இந்த மதிப்பு நின்னுடுச்சுன்னா வீட்டை வித்துட்டு அக்கா மக வீட்டு மூலையில போய் உக்கார வேண்டியதுதான்” என்றார். திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வழி சொன்னவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். “ஆட்சேபம் குடுக்கலாம் மாப்ள. வாங்கின ஆளுக்கு விவரம் பத்தாதுன்னு நிரூபிச்சா அந்த விலையைத் தள்ளிடுவாங்க. உங்களைப் பார்த்தாலே போதும். இருந்தாலும் சாட்சியோட போவோம்.”

விசாரணைக்குத் தெருவே திரண்டு வந்தது. என் கல்யாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு உற்சாகமாக வரவில்லை. மச்சான் எழுந்து, “ஓடாத ஸ்கூட்டரை ‘பெட்ரோல் செலவே இல்ல’ன்னு சொன்னாங்க சார், வாங்கிட்டு வந்தாரு” என்றார். துணி தேய்ப்பவர், “குடையை எங்கேயாவது தொலைப்பாரு, கண்டெடுத்தவன்கிட்டயே காசு குடுத்து வாங்குவாரு” என்றார். என் மனைவி முறை வந்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “எதுல இருந்து ஆரம்பிக்கட்டும் சார்?” என்று கேட்டாள். மானம் கப்பலேறியது. நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். “ஏமாந்து வாங்கினாலும் அது சந்தை விலைதாம்மா. ஊருல எல்லாரும் அப்படித்தான் வாங்கறாங்க. வேற யாருக்கும் இல்லாத தனிக் காரணம் இவருக்கு ஏதாவது இருந்துச்சா? இருந்தா தள்ளிடலாம். இல்லன்னா மதிப்பு நிக்கும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நர்ஸம்மா மட்டும் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி மறைத்தால் நான் மனுஷனே இல்லை. எழுந்தேன்.

“இவ தைக்கற ரூமுக்கு வெளிச்சம் வேணும்னு வாங்கினேன் சார். கண்ணு சரியில்ல. பக்கத்துல மாடி வந்தா இருட்டாயிடும்.”

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“எந்த வெளிச்சம்?” என்றாள் மனைவி.

“அந்த ஜன்னல் வெளிச்சம்தான்.”

“அடக் கடவுளே! கண்ணு கூசுதுன்னு அதைப் போர்வை போட்டு மூடியில்ல வெச்சிருக்கேன்! டியூப் லைட்லதான் தைக்கறேன்.”

“எப்போலேர்ந்து?”

“நீங்க மனையை வாங்கறதுக்கு முன்னாலேர்ந்து!”

விடியுமுன் கிளம்பி இருட்டிய பின் வீடு திரும்புகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை அவள் மெஷினைத் தொடமாட்டாள், நானும் அந்த அறைப் பக்கம் போகமாட்டேன். எனக்கு எப்படித் தெரியும்? அசடு வழிய நின்றேன். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் பயங்கரம். அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இதைவிடத் தனிக் காரணம் கிடைக்காது” என்று எழுத ஆரம்பித்தார்.

அந்த விலை தள்ளுபடியானது. தெருவின் மதிப்பு இறங்கியது. நர்ஸம்மா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வீடு தங்கிடுச்சு தம்பி” என்றார். மனைவி வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. அவள் ‘வியாபாரி’ என்று ஒரு தடவை சொல்லமாட்டாளா என்றிருந்தது எனக்கு.

சில நாள் கழித்து எடைமேடை பழுதாகி, பட்டப்பகலில் வீட்டுக்கு வந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. போர்வை மடித்து நாற்காலியில் கிடந்தது. ஜன்னல் விரியத் திறந்திருக்க, முகத்தில் சுள்ளென்று வெயில் விழ, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சட்டையில் தையல் கோணல்மாணலாகப் போயிருந்தது.

“கூசுதுன்னு சொன்னியே, மூடித் தொலையேன்!” என்றேன்.

“சும்மா இருங்க. எவ்வளவு காசு குடுத்து வாங்கின வெயில்! கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகட்டும்.”