பத்து நிமிஷக்காரர்

சாவியைத் திருப்பும்போது அவர் மூச்சு விடமாட்டார். செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, ஆக்சிலரேட்டர் பக்கமே போகாமல் வலது காலை மடக்கி வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவு பார்க்கிறவர் மாதிரி கண்ணை இடுக்கிக்கொள்வார். இஞ்சின் பிடித்துக்கொண்ட பிறகுதான் மூச்சு வெளியே வரும். உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஏழு அம்பத்தஞ்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். இனி எட்டு அஞ்சு வரைக்கும் வானமே இடிந்து விழுந்தாலும் அந்த வண்டி அணையாது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இது நடக்கிறது. நான் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன். என் கட்டிலுக்கு நேர் கீழேதான் அந்த வண்டி நிற்கிறது. முதல் மாதம் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். இரண்டாவது மாதம் டீயை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். வேறென்ன செய்வது?

தெருவில் அவருக்குப் 'பத்து நிமிஷம்' என்றுதான் பெயர். பல்செட் செய்கிறவர் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். பத்து நிமிஷம் வீடு என்றால் கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார்கள். தொழில் என்னவோ பல்செட் செய்வதுதான். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் முன் அறையில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, ரோஜா நிற மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாகப் பதிப்பார். முகம் தெரியாதவர்களின் வாய்கள் அலமாரி முழுக்க வரிசையாகத் திறந்து கிடக்கும். அவற்றுக்கு நடுவே, அதே ரோஜா நிற மெழுகில், ஒரு முக்கோணம். வீங்கிய விளிம்புள்ள முக்கோணம். அவருடைய வண்டியின் இஞ்சினுக்குள் சுற்றும் முக்கோணத்தைப் பார்த்து அவரே செய்த மாதிரி வடிவம் அது.

"எத்தனை சிலிண்டர்?" என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போச்சு. வேலையைப் போட்டுவிட்டு அந்த முக்கோணத்தைக் கையில் எடுத்துவிடுவார். "சிலிண்டராவது ஒண்ணாவது. மத்த வண்டில எல்லாம் பிஸ்டன் மேலயும் கீழயும் குதிக்கும். இதுல குதிக்கிற கதையே கிடையாது. முக்கோணம் இஞ்சின் வயித்துக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான்." கிளினிக்கிலிருந்து பல்செட் வாங்க வரும் அம்மா ஒருமுறை இப்படிக் கேட்டுவிட்டு, முக்கால் மணி நேரம் நின்று, கடைசியில் வாங்க வந்த பல்செட்டை மறந்துவிட்டே போய்விட்டார்.

வண்டிக்கு இரண்டே கதவு. மங்கிப்போன நீலம். தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். அதை முதலில் வைத்திருந்தவர் ஒரு பல் டாக்டர். சமாளிக்க முடியாமல், ஆளை விட்டால் போதும் என்று இவர் தலையில் கட்டிவிட்டார். அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஸ்டார்ட் செய்து, சூடேறுவதற்கு முன்னால் அணைத்துவிட்டால் மறுபடி கிளம்பாது. அவர் பாஷையில், "மூழ்கிரும்."

"குளிர்ந்து கிடக்கிறப்ப ஸ்டார்ட் பண்ணா பெட்ரோலை அள்ளிக் குடிக்கும் தம்பி. குடிச்சதை எரிக்கிறதுக்குள்ள நீங்க அணைச்சீங்கன்னா அது அப்படியே உள்ளேயே நிக்கும். முக்கோணத்து முனையில இருக்கிற எண்ணெயைக் கழுவிரும். அப்புறம் காத்தை அமுக்க ஏது பிடிமானம்? கர்ரு கர்ருன்னு கத்தும், பிடிக்காது. தூங்குற புள்ளைக்குப் பால் ஊட்டினா புரையேறுமே, அந்த மாதிரி."

அதனால்தான் பத்து நிமிஷம். ஸ்டார்ட் செய்தால் சூடுமானியின் முள் ஏறுகிற வரை அணைக்கக் கூடாது. அணைப்பதற்கு முன்னால் ஆக்சிலரேட்டரை மிதித்து இஞ்சினை ஒரு ஏற்று ஏற்றி, உள்ளே தங்கியதை எரித்துவிட்டு, பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். முள் ஏறுவதற்கு முன் வண்டியை நகர்த்தவும் மாட்டார். மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடேற்றலாமே என்று ஒரு மெக்கானிக் என் காதுபடவே சொன்னார். "உங்க வண்டிக்கு அது சரி" என்றார் இவர். அந்த மெக்கானிக்கிடம் சைக்கிள் தவிர வேறு வண்டியே கிடையாது.

நான் குடிவந்த அன்று என் பீரோவை இறக்க லாரி வந்து நின்றது. "சார், வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுத்தீங்கன்னா... ஆறடி போதும்" என்று கேட்டுவிட்டேன். அவர் பார்த்த பார்வையில் நான் வாடகைக்கு வந்தவனா, வழிப்பறிக்கு வந்தவனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஆறடிக்கெல்லாம் ஸ்டார்ட் பண்ண முடியாது தம்பி" என்றார். பிறகு மனமிரங்கி, பத்து நிமிஷம் சூடேற்றி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, ஆறடி பின்னால் நிறுத்தினார். அதற்குள் லாரிக்காரர் என் பீரோவின் மேல் உட்கார்ந்து அன்றைய பேப்பரை விளம்பரம் உட்படப் படித்து முடித்திருந்தார்.

அவர் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். பஸ்ஸில்தான் போவார். "நான் போய்ச் சேர்ந்து, நாலு பேருக்கு ஊசியும் போட்டு முடிச்சிருப்பேன். இவரு இன்னும் முள்ளு ஏறுதான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு" என்பார். அந்த வண்டியில் அவர் ஏறிப் பல வருஷம் ஆகிறது. பின் சீட் என்று பெயருக்கு ஒன்று உண்டு. மகள் சின்னவளாக இருந்தவரை அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வருவாள். வளர்ந்து முழங்கால் மடங்காமல் போனதும் முன் சீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா வீட்டிலேயே நின்றுவிட்டார்.

அந்தப் பத்து நிமிஷமும் மகள் அவரோடுதான் உட்கார்ந்திருப்பாளாம். முள்ளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்து, "ஏறிருச்சுப்பா!" என்று கத்துவது அவள் வேலை. ஸ்கூலுக்கு எத்தனை நாள் லேட்டானாலும் அந்த வேலையை விட்டுக்கொடுக்க மாட்டாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் குரல் கொஞ்சம் இறங்கும்.

மகள் இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்வாள். அந்த எட்டு மணிக்கு இவர் வண்டியில் இருப்பார், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். சமையலறை ஜன்னலில் மனைவி போனும் கையுமாக நிற்பதை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். "அப்பா எங்கேன்னு கேக்குறா" என்று கத்துவார். இவர் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று கையை ஆட்டுவார். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன், அது என்ன சரியாக ஏழு ஐம்பத்தைந்து என்று. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அவர் பானெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "போனை வாங்கிட்டா என்ன பேசுறதுன்னு தெரியல தம்பி" என்றார்.

அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றுபோனது மூன்று வருஷத்துக்கு முன்னால். பாதியை அவர் மனைவி சொன்னார், மீதியை அவரே சொன்னார். வேலையில் சேர மகள் கிளம்பிய நாள். காலை பத்து இருபது ரயில். இவர் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. சாவியைத் திருப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவளுக்கு ரயிலை விட்டுவிடுவோமோ என்று பயம். முதல்முறையாக ஊரை விட்டுப் போகிறவள், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளாதா? "அப்பா, நான் டாக்ஸி சொல்லிக்கிறேன். இந்த வண்டியை நம்பி அம்மா இருபது வருஷமா வாசல்லயே நிக்கிறாங்க, நானும் நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டாள்.

"அன்னைக்கு என் நாக்குல சனி உக்காந்திருந்துச்சு" என்றார் அவர். சட்டென்று சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தார். இருபது செகண்டுகூட ஓடியிருக்காது. "அப்ப அந்த டாக்ஸிக்காரனையே அப்பான்னு கூப்பிட்டுக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் அழுதுகொண்டே டாக்ஸியில் போனாள்.

கோபம் ஐந்து நிமிஷம் நின்றது. பிறகு வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்து சாவியைத் திருப்பினால், கர்ரு கர்ரு. மூழ்கிவிட்டது. ஊருக்கே உபதேசம் செய்கிறவர், தன் கையாலேயே மூழ்கடித்திருந்தார். அந்த நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் தெருமுனைக்கு ஓடி ஒரு டாக்ஸி பிடித்திருப்பார்கள். இவர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்தார். மேற்கொண்டு பெட்ரோல் ஏறாதபடி பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கினார். நான்கு பிளக்கையும் கழற்றி அடுப்பில் காட்டி உலர்த்தினார். பல்செட் வேலைக்கு வைத்திருக்கும் ஊசிக்குழாயால் பிளக் ஓட்டைகளுக்குள் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டார். ஒருவழியாகப் பிடித்துக்கொண்டபோது வெள்ளைப் புகை தெருவை மூடி, எதிர்வீட்டுக்காரர்கள் வாளியில் தண்ணீரோடு ஓடிவந்தார்களாம்.

"டாக்ஸியில போயிருக்கலாமே?" என்றேன். வாய் நீளம் என்று சொன்னேனே.

"இவளும் அதைத்தான் கேட்டா. தோணவே இல்ல தம்பி. சத்தியமா தோணல. வண்டியைச் சரி பண்ணிட்டா எல்லாம் சரியாயிரும்னு நெனச்சிட்டேன்."

மனைவிக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எனக்கு மட்டும் மீதியைச் சொன்னார். அந்தப் புகையோடு அவர் ஸ்டேஷன் வாசல்வரை போயிருக்கிறார். மணி பதினொன்றரை. அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று பயம். ஓடுகிற வண்டியை விட்டுவிட்டு உள்ளே போகவும் மனசில்லை. காவலுக்கு நின்றவரிடம், பத்து இருபது ரயில் போய்விட்டதா என்று கேட்டார். "எனக்கென்ன தெரியும், உள்ள போய்ப் பாருங்க" என்றார் அவர். இவர் உள்ளே போகவில்லை. நேரத்தைப் பார்த்தால் போயிருக்கத்தானே வேண்டும் என்று கால்மணி நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்துவிட்டு, திரும்பி வந்துவிட்டார்.

அன்றிரவு மகள் அம்மாவிடம் போனில் சொன்னாளாம், ரயில் ஒன்றரை மணி நேரம் லேட் என்று. பதினொன்று ஐம்பது வரை பிளாட்பாரத்தில் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன் என்று.

"நான் வெளிய, அவ உள்ள. நடுவுல ஒரு சுவரு" என்றார். "ஒரு தரம் அணைச்சிருக்கக் கூடாது, அணைச்சேன். ஒரு தரம் அணைச்சிருக்கணும், அணைக்கல." வந்திருந்ததை அவளிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன். "வாசல் வரைக்கும் வந்து உள்ள வராம போனேன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?" என்று கேட்டார்.

போன மாதம் மகள் ஒருநாள் லீவில் வந்தாள். காலேஜில் ஏதோ சான்றிதழ் வாங்கும் வேலை. வருகிறாள் என்று தெரிந்ததிலிருந்து இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. புது பேட்டரி, புது ஸ்டார்ட்டர், நான்கு பிளக்கும் புதுசு. "ஸ்டேஷனுக்கு நான் கொண்டு விடுறேன்னு அவகிட்ட சொல்லு" என்று மனைவியிடம் சொன்னார். மனைவி போய்ச் சொன்னார். மகள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அப்பனும் மகளும் சேர்ந்து என்னைத் தபால்காரி ஆக்கிட்டாங்க தம்பி" என்று மாடிப்படியில் என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் மறுபடியும் அதே பத்து இருபது ரயில். ஒன்பதரைக்குக் கிளம்புவதாகப் பேச்சு. ஒன்பது இருபதுக்கு இவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு, பிடித்துக்கொண்டது. என்னை அண்ணாந்து பார்த்து ஒரு சிரிப்புகூடச் சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

ஒன்பது இருபத்து மூன்றுக்கு ஒரு டாக்ஸி வந்து கேட்டை மறித்து நின்றது. பட்டுத் தெரிந்தவள், முந்தின நாளே சொல்லிவைத்திருந்தாள் போலிருக்கிறது. டாக்ஸிக்காரர் இறங்கிவந்து நீல வண்டியை எட்டிப் பார்த்தார். "அடேங்கப்பா, எத்தனை சிலிண்டர் சார் இது?" என்று கேட்டார். இவர் சூடுமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் பையோடு வெளியே வந்தாள். வண்டியின் ஜன்னல் பக்கம் குனிந்து, "அப்பா, டாக்ஸி வந்துருச்சு. நான் போயிட்டு வரட்டுமா?" என்றாள். கோபமாக இல்லை. வேற்று ஆளிடம் பேசுகிற மரியாதையோடு. அதைக் கேட்க எனக்கே என்னவோ போல் இருந்தது.

"பத்து..." என்று ஆரம்பித்தார். அதோடு நிறுத்திக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கை சாவிக்குப் போயிற்று. ஒரு ஏற்றுக்கூட ஏற்றவில்லை, அப்படியே அணைத்துவிட்டார். மூன்று நிமிஷம்தான் ஆகியிருந்தது. தெருவே சட்டென்று அமைதியாகி, உள்ளே சமையலறைக் குழாய் சொட்டுவது மாடிவரை கேட்டது.

"அப்பா! முள்ளு இன்னும் ஏறலையேப்பா!" என்று பதறினாள் அவள்.

"கிடக்கட்டும் விடு" என்றார்.

செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு இறங்கி, அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, டாக்ஸியின் பின்கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தார்.