எச்சரிக்கைப் பலகைக்கு எதிராக நான் பேசியது

பதினான்கு வயதிலிருந்து மேடையில் விவாதித்து வருகிறேன். தோற்றது மிகச் சில தடவைகளே. எந்தப் பக்கம் நின்று பேசுவது என்பதை எங்கள் மன்றத்தில் நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. திருவுளச் சீட்டுத்தான் தீர்மானிக்கும். மனம் ஒரு பக்கம் இருக்க, வாய் மறுபக்கத்துக்காக வாதாடப் பழகுவதே எங்கள் பயிற்சி.

சென்ற கோடையில் தரப்பட்ட தலைப்பு: அச்சம் மனிதனைக் காக்கிறதா, கட்டிப்போடுகிறதா? கட்டிப்போடுகிறது என்ற சீட்டு எனக்கு விழுந்தது.

மொன்றியலின் லாசால் பகுதியில் எங்கள் வீட்டு வரவேற்பறைதான் என் ஒத்திகைக் களம். கேட்பவர் அண்ணை ஒருவரே. நேரம் பிடிப்பவரும் அவரே. மருத்துவமனையில் நோயாளிகளைச் சக்கரக் கட்டிலில் தள்ளிச் செல்லும் வேலை அவருக்கு. ஒரு வார விடுமுறையில், கூட வேலை செய்யும் நண்பருடன் அமெரிக்கப் பாலைவனத்தில் மலைப்பாதை நடக்கப் போவதாக இருந்தார். உதாரணம் தேடிக்கொண்டிருந்த எனக்கு அதுவே கைக்கு அகப்பட்டது.

"வெயில் ஏறிய பின் நடக்காதே என்கிறது பாதையோரத்துப் பலகை. அது யாருக்காக எழுதப்பட்டது? நம்மில் மிகப் பலவீனமானவருக்காக! அவருடைய அச்சத்தை நாம் அனைவரும் ஏன் சுமக்க வேண்டும்?" என்று முழங்கினேன்.

அண்ணை கைதட்டினார். "எடி, சும்மா சொல்லக்கூடாது. எனக்கே நெஞ்சு நிமிருது."

புறப்பட்ட அன்று, அம்மா பையில் வைத்திருந்த நான்கு பெரிய வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களில் இரண்டை அண்ணை எடுத்து மேசையில் வைத்தார்.

"என்ன தம்பி, பாலைவனத்துக்கெல்லோ போறாய்?" என்றார் அம்மா.

"அங்க போய் நிரப்பினா பாரமம்மா. தங்கச்சியின்ர பேச்சைக் கேட்டனீங்கள்தானே? இதெல்லாம் பயந்தாங்கொள்ளியளுக்கு."

அம்மா என்னைப் பார்த்தார். அது என் கருத்தல்ல, சீட்டுத் தந்த கருத்து என்று அப்போதே நான் சொல்லியிருக்கலாம். கிடைத்த பாராட்டைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

போட்டி எங்கள் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. வெளியே நல்ல மழை. அதே பலகையைச் சொல்லித்தான் வென்றேன். கேடயத்துடன் மேடையை விட்டு இறங்கியபோது கைப்பேசி அதிர்ந்தது. முடிவைக் கேட்க நடுப்பகலுக்குப் பின் அழைப்பதாக அண்ணை சொல்லியிருந்தார்.

"வெண்டனியோ?"

"ஓம் அண்ணை. எங்க நிக்கிறியள்?"

"பள்ளத்தாக்குக்குக் கீழ போயிட்டு இப்ப மேல ஏறுறன். இறங்கேக்க சுகமாத்தான் இருந்தது. தண்ணி முடிஞ்சுது. கூட வந்தவன் உதவிக்கு ஆரையும் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு மேல ஓடிட்டான். ஆனா எனக்கு வேர்க்கேல்லை. அப்ப பிரச்சினை இல்லைத்தானே?"

எதிரணியின் வாதங்களையும் படித்துவிட்டு மேடையேறுவது என் வழக்கம். கொதிக்கும் வெயிலில் வியர்வை நின்றுபோவது ஆபத்தின் அறிகுறி, அடுத்துத் தடுமாறுவது புத்தி என்று படித்திருந்தேன். மறுத்துப் பேசுவதற்காகவே அதை மனப்பாடம் செய்திருந்தேன்.

"நடக்காதேங்கோ! நிழல் பாத்து இருங்கோ. நான் பேசினது பொய் அண்ணை."

"பொய் எண்டா எப்பிடி வெண்டனி?" சிரித்தார். நாக்குக் குழறியது.

"அது சீட்டில விழுந்த பக்கம்!"

"பலகை… பலவீனமானவைக்கு," என்றார். நான் இடைவெளி விடும் அதே இடத்தில் இடைவெளி விட்டார். "இன்னும் அரை மணித்தியாலம். ஏறிடுவன்."

கெஞ்சினேன். அதட்டினேன். அம்மாவின் பெயரைச் சொல்லி அழுதேன். நான் வைத்த ஒவ்வொரு வாதத்துக்கும் என்னுடைய வரி ஒன்றே மறுமொழியாக வந்தது.

அருகில் நின்றவரின் கைப்பேசியை வாங்கி அவசர இலக்கத்தை அழைத்தேன். மொன்றியலில் அழைத்தால் மொன்றியலுக்குத்தானே போகும். எந்த முகவரி என்று பிரெஞ்சில் கேட்டார்கள். பாலைவனம் என்றேன். அண்ணை போன இடத்தைப் பொறுமையாகக் கேட்டறிந்து, அந்த ஊர் அவசர சேவைக்கே இணைப்புக் கொடுத்தார்கள். அங்கிருந்த பெண், எந்தப் பாதை, அருகில் என்ன அடையாளம் என்று கேட்டார். ஒரு காதில் அவருடைய கேள்வி. மறு காதில் அண்ணை.

"அண்ணை, பக்கத்தில என்ன தெரியுது?"

"கல்லு. சிவப்புக் கல்லு. எல்லாம் சிவப்பு."

இணைப்பு அறுந்தது. அதன் பின் மணியே போகவில்லை. வெப்பத்தில் கைப்பேசி அணைந்திருக்கலாம் என்றார் அந்தப் பெண். தேட ஆள் அனுப்புவதாகவும் சொன்னார். மண்டபத்தில் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்கள். யாரோ கை குலுக்கி வாழ்த்தினார்கள். நன்றி என்றேன். யன்னலுக்கு வெளியே தண்ணீர் வீதி நிறைய ஓடி வடிகாலில் விழுந்துகொண்டிருந்தது. என்னால் செய்யக்கூடியதாக எஞ்சியிருந்தது, எடுக்கப்படாத இலக்கத்தைத் திரும்பத் திரும்ப அழைப்பது மட்டுமே.

இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் நண்பர் அழைத்தார். மேலே சந்தித்த காவலர்களுடன் திரும்பி இறங்கியபோது, பாறை ஒன்றின் கீழ் அண்ணை நினைவின்றிக் கிடந்தாராம். உயிர் இருந்தது. சிறுநீரகம் பழுதுபட்டிருந்தது, அந்த ஊர் மருத்துவமனையில் பல நாள் வைத்திருந்துதான் அனுப்பினார்கள்.

வீடு திரும்பியவர் சோபாவில் படுத்திருந்தபோது, கேட்கக்கூடாதென்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"நான் சொன்னதாலதானே நிழலில இருந்தனீங்கள்?"

"இல்லையடி. கால் மடங்கிட்டுது. விழுந்த இடத்தில நிழல் இருந்தது."

"நான் அவ்வளவு கத்தினனே?"

"சத்தம் கேட்டது. என்ன கதைச்சனி எண்டு ஒண்டும் விளங்கேல்லை. வீட்டில பேசிக் காட்டினியே, அதுதான் தலைக்குள்ள ஓடிக்கொண்டிருந்தது."