சண்டிராணி மீது குற்றமில்லை

சீனி மாமா இறந்துவிட்டார் என்று முதலில் சொன்னவள் என் வகுப்புத் தோழி கீர்த்தனா. வேதியியல் ஆய்வகத்தில் சோதனைக்குழாயும் கையுமாக நின்றிருந்தேன். நான் கேட்ட முதல் கேள்வி, "சரி, உன்னைய இப்பிடிச் சொல்லச் சொன்னது அவருதான?" அவள் அழ ஆரம்பித்தாள். அப்போதும் நான் நம்பவில்லை. பொதுத்தேர்வை ஒரு மாதம் முன்னாலேயே வைத்துவிட்டார்கள் என்று இதே கீர்த்தனாவை விட்டு எனக்குச் சொல்லவைத்து, நான் இரண்டு நாள் சாப்பிடாமல் படித்ததை வேடிக்கை பார்த்தவர் அவர். மதியச் சாப்பாட்டு மணி அடித்து வெளியே வந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னது: சீனி இபுராகிம் அவர்கள் வபாத்தாகிவிட்டார்கள், அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம். பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்குக் கேலி செய்யத் தெரியாது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர்களின் இந்தச் சங்க மலரில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு என்ன வேலை என்று மாமாக்கள் நீங்கள் கேட்கலாம். எனக்கும் ரயில்வேக்கும் சம்பந்தம் கிடையாது. என் அய்யா எங்கள் ஊரான மண்டபத்தில் ஐஸ் பிளாண்டில் வேலை பார்க்கிறார். சீனி மாமா எதிர்வீடு. அவர் ரயிலை ஓட்டியவர், நான் அவரை ஓட்டியவள். என் தகுதி அவ்வளவுதான்.

எங்கள் பழக்கம் ஒரு குற்றத்தில் தொடங்கியது. குற்றவாளி நான். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, சத்தத்தை வைத்தே எந்த ரக எஞ்சின் வருகிறது என்று சொல்லிவிடுவேன் என அவர் பீற்றிக்கொள்வார். பேரிலும் சீனி, ரத்தத்திலும் சீனி, டீயில் மட்டும் சீனி கிடையாது. ஒருநாள் காலை, பழைய டீசல் எஞ்சின் ஒன்று கிளம்பும் சத்தத்தைப் போனில் இறக்கி, சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் கடையின் வாழைத்தாருக்குப் பின்னால் ஒளித்து, முழுச் சத்தத்தில் போட்டேன். மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்தார். "த்ரீ ஏ டோய்! சரக்கு எஞ்சினு!" என்று தண்டவாளத்தைப் பார்த்து ஓடினார். அங்கே ஓர் ஆடு மட்டும் நின்றது. கடையே சிரித்தது.

சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மாவிடம் வத்திவைக்கப் போகிறார் என்று நான் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தேன்.

"எங்கன ஓடுற மருமகளே? அந்தச் சத்தத்த இன்னொருக்கா போடு."

போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"லோடு இழுத்து எடுக்குறான். சக்கரம் ஒரு எடத்துல வழுக்குது பாரு, கேட்டியா? மணலு போடுறான். இப்பப் பிடிச்சிருச்சு." கண்ணைத் திறந்து, "நாளைக்கு ஹார்டுவேர் கடைக்குப் போயி எனக்கு அரைக் கிலோ வேக்கம் வாங்கிட்டு வாரியா? மணி கடையில நல்லதா இருக்கும்" என்றார்.

சும்மா தப்பித்தோமே என்ற நிம்மதியில் நானும் போய்க் கேட்டேன். கடைக்கார அண்ணன் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "பாத்திரம் கொண்டாந்தியா?" என்றார். வேக்கம் என்றால் வெற்றிடம் என்று பதினொன்றாம் வகுப்பில் படித்தவள், வீட்டுக்குத் திரும்பி வந்து தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். ரயில்வேயில் புதிதாகச் சேருகிறவர்களை இப்படி அனுப்பி வைப்பது உங்கள் பரம்பரை வழக்கமாமே? நல்லா இருங்க மாமாக்களே.

போன வருடம் சங்கக் கூட்டத்தில் வாசிப்பதற்காக அந்த த்ரீ ஏ எஞ்சின் ரகத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி நீங்கள் அவரிடம் கேட்டீர்கள். ராமநாதபுரம் வரை மின்கம்பி வந்துவிட்டது, எங்கள் பக்கமும் வந்துகொண்டிருக்கிறது, டீசல் எஞ்சின்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டுகிறார்கள், அதற்குள் ஒரு பதிவு வேண்டும் என்று. அவர் சொல்லச் சொல்ல என் அண்ணனின் மடிக்கணினியில் நான் தட்டினேன். அவர் மனைவி பரீதா மாமி சுண்டல் தட்டோடு நடுவில் உட்கார்ந்து, யார் பக்கமும் சாயாமல் இருவரையும் திட்டினார்.

மாமா அதை ஒரு கல்யாணத் தரகர் ஜாதகம் வாசிப்பதுபோலத்தான் சொன்னார். அதன் பாட்டன் வெளிநாட்டு வரைபடத்தில் பிறந்து, கப்பலில் வந்து, பிறகு இங்கேயே செய்யப்பட்ட எஞ்சின். பயணி வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுத்தது. "ரெண்டு வீட்டுக்கும் ஒரே மாப்ள" என்றார். சரக்கு கூடக்கூட மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. அதனால் சரக்குக்கென்றே ஒன்றைச் செய்தார்கள். அதே பதினாறு சிலிண்டர் குடும்பம்தான், ஆனால் குதிரைசக்தியைக் கூட்டி, பல்சக்கரக் கணக்கை மாற்றி, வேகம் குறைந்தாலும் இழுவை குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் புது வகைப் போகியை, அதாவது சக்கரச் சட்டத்தை, அடியில் வைத்தார்கள். முதலில் ஒரு பெயர் வைத்து, பிறகு காகிதத்தில் மாற்றி WDG-3A என்றார்கள். W அகலப் பாதை, D டீசல், G சரக்கு, மூன்று என்றால் மூவாயிரம் குதிரை, A என்றால் மேலே ஒரு நூறு.

"மூவாயிரத்து நூறு குதிரையையும் எங்கன கட்டிப்போடுவாக?" என்று கேட்டார் மாமி.

"ஷெட்டுலதான்."

"சாணி அள்ளுறது யாரு?"

"அதுக்குத்தானே என்னைய வேலைக்கு எடுத்தாய்ங்க."

எங்கள் ஊர்ப் பாதை அகலமானபோது இந்த எஞ்சின் வந்தது. அரிசி, சிமெண்ட், உரம், ஜல்லி எல்லாம் இழுத்தது. வேறு எஞ்சின் கிடைக்காத நாளில் பயணி வண்டியையும் இழுத்தது. எஞ்சினின் நீள மூக்கு முன்னால் இருந்தால் பாதை சரியாகத் தெரியாது, தலையை வெளியே நீட்டிக்கொண்டு போக வேண்டும், பாம்பன் பழைய பாலத்தில் காற்று ஒரு பக்கக் காதில் புகுந்து மறு பக்கம் வெளியேறும் என்றார். "அதான் வாத்தியாரு சொன்னது எதுவும் ஒங்க தலையில நிக்கலையோ" என்றேன். கம்ப்யூட்டர் வைத்த புது டீசல்கள் வந்தபோதும் அவருக்கு இதுதான். மின்சார எஞ்சினைப் பற்றி ஒரே வரிதான்: "சத்தமில்லாம வந்து நிக்கிது, கடன் கேக்க வந்தவன் மாதிரி."

இந்த வரலாற்றில் ஓர் எஞ்சினுக்குத் தனி அத்தியாயம் கேட்டிருந்தீர்கள். உங்கள் எல்லோருக்கும் தெரிந்த நாற்பத்தேழாம் எண். சண்டிராணி. மண்டபத்தில் ஒரு தூறல் நாளில் ஜல்லி வண்டியோடு நின்றுபோய், முன்னாலும் பின்னாலும் எல்லா வண்டியையும் நிறுத்திவைத்த எஞ்சின். ஷெட்டில் கழற்றிப் பார்த்தும் காரணம் தெரியவில்லை. காரணம் தெரிந்த கோளாறைவிடக் காரணம் தெரியாத கோளாறுதான் பயம். அன்றிலிருந்து அதைத் தொடவே பலர் யோசித்தீர்கள், சிலர் எலுமிச்சம்பழம் கட்டினீர்கள். சீனி மாமா மட்டும் ஓட்டுநரானதும் அதைக் கேட்டு வாங்கி ஓட்டினார். அவர் கையில் அது ஒருநாளும் நின்றதில்லை. சண்டிராணியை அடக்கிய சீனி என்று அவர் பணி ஓய்வு விழாவில் மாலை போட்டீர்கள்.

அந்த அத்தியாயத்தை மாமா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். நான் பொறுமையிழந்து நானே ஒரு பத்தி எழுதிச் செருகினேன்: பாம்பன் பாலத்தில் அலைந்த ஆவி ஒன்று சண்டிராணிக்குள் புகுந்துவிட்டதாகவும், சீனி இபுராகிம் மாதம் ஒருமுறை அதற்கு நகரை மீன் குழம்பு படைத்து அடக்கியதாகவும். அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். காகிதத்தை மடியில் வைத்தார்.

"பேயி எல்லாம் இல்ல மருமகளே. அது நாந்தேன்."

"நீங்க பேயா மாமா?"

அதற்கும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு அவர் அந்த வண்டியின் உதவி ஓட்டுநர். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கினால் எஞ்சினிலிருந்து குழாய் வழியே மணல் விழ வேண்டும். அது ஷெட்டில் காயவைத்துச் சலித்த மணல். புறப்படும்போது நிரப்பியிருக்க வேண்டியவர், புது போன் வாங்கிய கூட்டாளியோடு பேசிக்கொண்டே மறந்துவிட்டார். மண்டபத்தில் எதிர் வண்டிக்காக ஒதுங்கி நின்றபோதுதான் மணல் பெட்டி காலி என்று பார்த்தார். நாலு எட்டில் கடல். கடற்கரை முழுக்க மணல். வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"சுத்தி எல்லாப் பக்கமும் மணலு. இதுல கவலைப்பட என்ன இருக்குன்னு அள்ளிக் கொட்டிட்டேன். உப்பு மணலு, ஈர மணலு. குழாய்க்குள்ள கொழுக்கட்டை மாதிரி பிடிச்சிருச்சு. ஒரு பொட்டு விழல."

கிளம்பிய வண்டி பாதி உடம்பைப் பிரதான பாதையில் நீட்டிவிட்டு அங்கேயே சக்கரத்தைச் சுழற்றியது. யாரும் பார்க்காதபோது கம்பியால் குத்தி மணலையெல்லாம் வெளியே தள்ளிவிட்டார். அதனால்தான் ஷெட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. எஞ்சின் கோளாறு என்று எழுதினார்கள்.

"அது மேல ஒரு குத்தமும் இல்ல. அத நான் அடக்கவும் இல்ல. சலிச்ச மணல ஒழுங்கா ஊத்துனேன், அது ஒழுங்கா ஓடுச்சு. அம்புட்டுத்தேன். அதுக்கு மாலை வேற வாங்கிட்டேன்." கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "நாப்பத்தேழக் கழிச்சாச்சாம். ஒடைக்கப் போறாய்ங்க. கெட்ட பேரோட போகக் கூடாதுல்ல" என்றார்.

ராமநாதபுரம் கூட்டத்தில் அவர் அதைச் சொன்னபோது நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். வாளி, கடல், மணல் எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். சண்டிராணி நின்ற நாளில் வண்டியை ஓட்டிய சவரிமுத்து மாமாதான் எல்லோரையும்விடச் சத்தமாக எழுந்தார்: "ஏலே சீனி, எங்கிட்டேயே கதை விடுறியா? அன்னைக்கி வண்டியில இருந்தவன்டா நானு! அந்தப் பிசாச நீ அடக்குனத நாங்க பாக்கல?" மறுபடியும் கைதட்டல். தன்னடக்கம் என்று பொன்னாடை போர்த்தினீர்கள்.

திரும்பும் பேருந்தில் உச்சிப்புளி தாண்டும் வரை மாமா பொன்னாடையை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தார்.

"நான் சொன்ன பொய்ய பூராம் நம்புனாய்ங்க மருமகளே. ஒரே ஒரு நெசத்தச் சொன்னேன். கை தட்டுறாய்ங்க."

"வாயால சொன்னா நம்ப மாட்டாக. செஞ்சு காட்டுவோம் மாமா."

மறுநாளே ஆரம்பித்தோம். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பைப் இரண்டு முழம் வாங்கி இரண்டாக வெட்டி, எஞ்சின் குழாய் மாதிரியே சாய்த்துக் கட்டினோம். ஒன்றில் சலித்து வறுத்த மணல். மற்றதில் எங்கள் கடற்கரையின் ஈர மணல். சலித்தது மாமியின் மாவுச் சல்லடையில், வறுத்தது மாமியின் இரும்புச் சட்டியில். மாமி கடைக்குப் போய்த் திரும்பி வந்து சட்டியைப் பார்த்தார்.

"என்னதிது? மண்ண வறுத்துப் புட்டு அவிக்கப் போறியளா?"

"இல்ல பரீதா, மானத்தக் காப்பாத்தப் போறேன்."

"யாரு மானத்த?"

"எஞ்சின் மானத்த."

"என் சட்டி மானம் போச்சே!"

வறுத்த மணல் சர்ரென்று இறங்கியது. கடல் மணல் இறங்கவே இல்லை. மாமா அந்தப் பைப்பைத் தட்டித் தட்டிப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். அவர் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு, அரசியல்வாதிக்கும் சொல்வார், மாமியின் மிக்ஸிக்கும் சொல்வார்: "சக்கரம் சுத்துனா போதாது, வண்டி நகரணும்." அன்றைக்கு "நகந்துருச்சு மருமகளே" என்றார். அடுத்த கூட்டத்தில் மேடையில் வைத்துச் செய்துகாட்டுவதாக இருந்தோம். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அவருக்கு நெஞ்சு நின்றுவிட்டது. சுழன்றுகொண்டேகூட இல்லை, சட்டென்று.

அடக்கம் முடிந்து ஆண்கள் சீனி மாமா வீட்டுக்குத் திரும்பியபோது சவரிமுத்து மாமா என்னைத் தேடி வந்தார். கால் முழுக்க மையவாடி மணல்.

"ஏ புள்ள, நீதான அவனுக்கு டைப் அடிச்சது? அன்னைக்கி மேடையில சொன்னானே... அது நெசமா?"

நான் சொல்லி யார் நம்புவார்? எதிரே எங்கள் வீட்டுக்குள் ஓடி, கடல் மணல் பைப்பை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். உப்பு இறுகிப் பாறையாகி இருந்தது. தட்டினார். தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் வைத்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

"கிளம்பும்போது மணலு விழுதான்னு பாக்கணும்னு சொல்ல வேண்டியது ட்ரைவரு. அவன் இல்ல, நானு" என்றார். "நான் கேக்கவே இல்ல. அதான் எனக்கு அந்த எஞ்சின் பிசாசாவே இருக்கட்டும்னு இருந்திருக்கு." மூக்கைச் சிந்தினார். "எழுது புள்ள. மலர்ல எழுது. என் பேரயும் சேத்து எழுது."

எழுதிவிட்டேன். இந்த மலரில் நான் தட்டச்சு செய்த பழைய கட்டுரைகளில் ஆங்காங்கே என் கைச்சரக்கு சேர்ந்திருக்கலாம், அதைப் பிறகு பேசிக்கொள்வோம். இதில் ஒரு பொட்டும் சேர்க்கவில்லை. நாற்பத்தேழு நல்ல எஞ்சின். அது நின்றது சீனி மாமா அள்ளிய மணலாலும், சவரிமுத்து மாமா பார்க்காத பெட்டியாலும். அதை உடைத்துவிட்டார்களா, இன்னும் எங்காவது நிற்கிறதா, தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது அதன் பக்கம் போனால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சீனி மாமாவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு முழப் பைப். சவரிமுத்து மாமா கேட்டார், தரவில்லை. வேதியியல் புத்தகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. இன்னும் சந்தேகப்படுகிறவர்கள் மண்டபத்துக்கு வந்து உங்கள் கையாலேயே தட்டிப் பார்க்கலாம். வருகிற வழியில் ஹார்டுவேர் கடையில் அரைக் கிலோ வேக்கம் வாங்கி வாருங்கள். பாத்திரம் மறக்க வேண்டாம்.