செரைனாவின் பிறந்த வீட்டு ஆறு

செரைனாவின் வேலையைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். சூரிச் அலுவலகத்தில் உட்கார்ந்து, நாட்டின் நூற்றுக்கணக்கான ஆறுகளுக்கு ஜாதகம் எழுதுகிறாள். எந்த நிலத்திலிருந்து நீர் வடிகிறது, அங்கே எவ்வளவு மழை, எவ்வளவு பனி, கடைசியில் ஆற்றில் ஓடுவது எவ்வளவு என்று எல்லா ஆறுகளையும் ஒரே அச்சில் தொகுத்து வைப்பாள். உலகத்து ஆராய்ச்சியாளர்கள் அதை எடுத்துப் பயன்படுத்துவார்கள்.

அத்தனையிலும் அவள் உயிரையே வைத்திருந்தது ஒன்றின் மேல்தான். அவள் பிறந்த வீட்டுக்குப் பின்னால் ஓடும் வால்மீரா. கூட வேலை பார்க்கும் ரெட்டோ அதன் மேலேயே கை வைத்தான்.

"பெய்யற மழையில பாதிகூட உன் ஆத்துல வரல. தொகுப்புலேருந்து தூக்கிடலாமா?"

"என் ஆத்தையா? உனக்கு இருக்கறது நெஞ்சா, பாறையா?"

"உங்க ஊரு மாடெல்லாம் ரொம்பக் குடிக்குதோ என்னவோ."

"சிரிக்காத ரெட்டோ. கொஞ்சம் டைம் கொடு."

"வெள்ளிக்கிழமை தொகுப்பை மூடறோம். அதுக்குள்ள காரணம் கொண்டா."

அளவுக் கருவியில் பழுதில்லை. ஆற்றுக்கு நீர் வடியும் நிலத்தைச் சுற்றி, மலைமுகடுகளை ஒட்டி அவள் போட்ட எல்லைக்கோடும் பிசகவில்லை. வியாழன் மாலை கண்கள் சிவக்க வீடு திரும்பினாள். கணவன் ஃப்ளூரின், கேப்புன்ஸ் பலகாரத்துக்குக் கீரை இலையில் மாவை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தான். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரன் அவன், தரோனா ஆற்றங்கரை. இரண்டு பள்ளத்தாக்குக்கும் என்றைக்குமே ஆகாது. செரைனா நடந்ததைச் சொன்னாள்.

"இதுக்கா அழற? எங்க தரோனாவைப் பாரு. எந்தக் கோடையிலயும் ததும்பும்."

"உங்க பக்கம் மழையே கம்மி. எங்கேருந்து ததும்புது?"

ஃப்ளூரினின் கை நின்றது. "மின் நிலையத்துக்குத் தண்ணி கொண்டுவர மலைக்குள்ள சுரங்கம் இருக்குல்ல..." குரல் இறங்கியது. "உங்க பக்கத்துலேருந்துதான்."

சுரங்கம் இருப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் மலையின் உயரத்தைப் பார்த்து எல்லை போடுகிறவளுக்கு அதன் வயிற்றிலிருக்கும் ஓட்டை எப்படி ஞாபகம் வரும்?

"திருட்டுக் குடும்பம். பொண்ணையும் கொண்டு போனீங்க, தண்ணியையும் கொண்டு போனீங்க."

"பொண்ணு தானா வந்தா. தண்ணிக்கு நான் பொறுப்பில்ல."

அழுகையும் சிரிப்புமாக அவன் தோளில் சாய்ந்தாள்.

மறுநாள் ரெட்டோ தலையில் கை வைத்துக்கொண்டான். "தரோனாவை நேத்துத்தான் ஒதுக்கினேன். பெய்யறதைவிட ஓடறது அதிகம்னு."

இங்கே குறைந்தது ஏறக்குறைய அப்படியே அங்கே கூடியிருந்தது. இரண்டு ஆறுகளும் தொகுப்புக்குள் வந்தன, சுரங்கத்தைப் பற்றிய குறிப்போடு. செரைனா உடனே ஊருக்குப் போன் செய்தாள்.

"அம்மா, நம்ம ஆறு இருக்கும்மா."

"இருக்காம எங்கடி போகும்? இங்கதான் ஓடிட்டிருக்கு. சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.