ரிவர்ஸ் இல்லாத கார்

எழுபத்தாறா, எழுபத்தேழா, சரியாக நினைவில்லை. உத்தமபாளையத்தில் பம்புசெட் மோட்டார் விற்கும் கடை வைத்திருந்தேன். தோட்டந்தோட்டமாகப் போய் மோட்டார் மாட்டிக் கொடுக்க பஸ்ஸை நம்பிப் பயனில்லை என்று ஒரு பழைய கார் தேடிக்கொண்டிருந்தேன். மேகமலையில் சின்னதாகத் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவர் காரை விற்கப்போவதாகக் காதில் விழுந்தது. சின்னமனூரில் ஒரு எஸ்டேட் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மேலே போனேன்.

பெரியவர் அருமையாகப் பேசினார். பலாப்பழம் அரிந்து வைத்தார். அவர் வீட்டு வாசலில், மேடு பார்த்து நின்றிருந்தது கார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அவரே ஸ்டார்ட் செய்தார். முதல் கியர், இரண்டாம் கியர், பிரேக், ஹாரன், எல்லாம் காட்டினார். கடைசியில், "இப்ப ரிவர்ஸ் பாருங்க தம்பி" என்று கியர்க் கம்பை ஆட்டி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் பூப்போல வழுக்கிக்கொண்டு பின்னால் இறங்கியது.

"சத்தமே இல்லையேண்ணே!" என்றேன்.

"நல்ல கியர் பாக்ஸுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார்.

பணத்தைக் கொடுத்தேன். ஆர்.சி. புத்தகத்தைக் கையில் கொடுத்து, பெயர் மாற்றும் ஃபாரத்தில் கையெழுத்தை இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம் என்றார். நானும் தலையாட்டினேன்.

இறங்கிவரும் வழியில் மூன்றாவது வளைவில் தேயிலை மூட்டை ஏற்றப் போகும் காலி லாரி ஒன்று எதிரே வந்தது. ஒதுங்க இடமில்லை. மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்குத்தான் முதல் வழி, அதனால் நான்தான் பின்னால் ஏறவேண்டும். ரிவர்ஸ் போட்டேன். இஞ்சின் ஊளையிட்டது, கார் அசையவில்லை. மறுபடி போட்டேன். மறுபடி ஊளை. லாரி டிரைவர் இறங்கி வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"இது அந்தப் பெரியவர் வண்டியில்ல? அதச் சொல்லவேண்டியதுதானே! இந்த வண்டியப் பாத்தா நாங்கதான் பின்னால போறது" என்றவர், ஒரு வார்த்தை கோபமில்லாமல் லாரியை இரண்டு வளைவு பின்னுக்கு இறக்கி எனக்கு வழிவிட்டார்.

மறுநாளே ஜீப்பைப் பிடித்து மேலே போனேன். பெரியவர் இந்தத் தடவை பலாப்பழம் வைக்கவில்லை.

"பின்னால போச்சா இல்லையா? உங்க கண்ணால பாத்தீகளா இல்லையா?" என்றார்.

"அது சரிவுண்ணே!"

"சரிவுன்னு உங்களுக்குத் தெரியும்ல? நான் என்ன அதத் துணி போட்டு மூடியா வச்சிருந்தேன்?"

கடை வாடிக்கைக்காரர் ஒருவர் வக்கீல். அவரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாத்தாத் தெரியிற குறைக்கு வாங்குனவருதான் பொறுப்பு. மறைச்சு வித்திருந்தா வித்தவரு பொறுப்பு. மறைச்சாருன்னு எப்படி நிரூபிப்பீக?"

"சரிவுல உருட்டிக் காட்டுனாரு சார்."

"அந்தச் சரிவ கோர்ட்டுக்குக் கொண்டுவர முடியாதே" என்றார்.

வீட்டில் என் மனைவி இதைவிடச் சுருக்கமாகக் கேட்டாள். "ஒரு ஹெச்.பி. மோட்டாருக்குக்கூட ஊருக்கெல்லாம் கியாரண்டி கார்டு எழுதிக் குடுக்குறீக. இம்மாம்பெரிய காருக்கு ஒரு துண்டுச் சீட்டு வாங்கணும்னு தோணலையாக்கும்?"

கியர் பாக்ஸைப் பிரித்தால் பெரிய செலவு என்று மெக்கானிக் பயமுறுத்தியதால், அப்படியே ஓட்டக் கற்றுக்கொண்டோம். கிளம்பும் முன்பே திரும்பும் வழியை யோசித்துவிடுவேன். எந்தத் தோட்டத்தில் வட்டமடிக்கக் களம் இருக்கிறது, எந்தத் தெரு மறுமுனையில் திறக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். களமில்லாத தோட்டத்துச் சம்சாரிகளுக்கு நான் மோட்டார் விற்கத் தயங்கினேன் என்றால் நம்பமாட்டீர்கள். முட்டுச் சந்தில் மாட்டிக்கொண்டால் மனைவி இறங்கி முன்பக்கம் போய்த் தள்ளுவாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன்.

அனுமந்தன்பட்டியில் ஒரு கல்யாணம். யாரோ கைகாட்ட, காரைப் பந்தல் போட்ட தெருவுக்குள் விட்டுவிட்டேன். முன்னால் மணவறை, பின்னால் மாப்பிள்ளை ஊர்வலம். நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார். கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் ஊர்வலத்தோடு பின்வாங்க, பெண் வீட்டார் பத்துப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் காரைத் தெருமுனை வரை தள்ளினார்கள். பெண்ணின் சித்தப்பா மட்டும் கடைசிவரை என்னோடு பேசவில்லை.

இப்படி ஆறேழு மாதம் ஓடியது. ஒருநாள் சின்னமனூருக்கு வெளியே மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார். என்னையும் கைகாட்டி நிறுத்தி, "கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து அந்தப் புளிய மரத்தோரம் போடுங்க" என்றார். நான் பதில் யோசிப்பதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி பழக்கதோஷத்தில் இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முன்னால் போய்த் தள்ள ஆரம்பித்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி முன்பக்கம் வந்தார். "என்னம்மா பண்றீங்க?"

"ரிவர்ஸ் எடுக்குறோம் சார்" என்றாள்.

பின்னால் போகமுடியாத வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாது என்று சட்டமே இருப்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சரிசெய்யும்வரை ஓட்டக்கூடாது என்று எழுதிவிட்டு, ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினார். "ஓனர் பேரு வேறல்ல போட்டிருக்கு? சரி, கேஸ் இவர் பேருக்குத்தான் போகும்."

பெயர் மாற்றும் ஃபாரம் அதுவரை என் கல்லாப்பெட்டியில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. என் சோம்பேறித்தனம் அவ்வளவு புத்திசாலித்தனமாக வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சம்மன் போன மூன்றாம் நாள் பெரியவர் என் கடைக்கே வந்துவிட்டார். "வித்த வண்டிக்கு என்னைய எதுக்கு இழுக்குறீக?"

"புத்தகத்துல உங்க பேருதானேண்ணே இருக்கு?"

"வண்டி உங்களுது!"

"அப்ப ரிவர்ஸ்?"

விருட்டென்று படியிறங்கிப் போய்விட்டார்.

கோர்ட்டுக்கு நானும் வக்கீலோடு போயிருந்தேன். மாஜிஸ்திரேட் கேஸைப் படித்துவிட்டு, "ரிவர்ஸ் கியர் வேலை செய்யாத வண்டியை ரோட்டில் விட்டிருக்கீங்க. ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்டார்.

பெரியவர் நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்ற ஆவேசத்தில் கூண்டுக் கட்டையில் ஓங்கித் தட்டிச் சொன்னார்: "அய்யா, இந்த வண்டி எங்கிட்ட ஒம்பது வருசம் ரிவர்ஸ் இல்லாமத்தான் ஓடுச்சு! ஒரு ஆள் கேஸ் போட்டதில்ல. இவருகிட்டப் போன ஏழாம் மாசமே கேஸ் வருதுன்னா தப்பு யாரு மேல?"

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். என் வக்கீல் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"நீங்க சொன்னதை அப்படியே எழுதிக்கலாமா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"தாராளமா எழுதிக்கங்க" என்றார் பெரியவர்.

அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்தவரை வக்கீல் வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போய், அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று மெதுவாக விளக்கினார். இதை வைத்து சிவில் கேஸ் போட்டால் காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணமும் கொடுக்க வேண்டிவரும் என்றார். பெரியவர் நேராக என்னிடம் வந்து, "நானே ரிப்பேர் பாத்துத் தந்துர்றேன் தம்பி" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஒன்பது வருடம் அந்த வண்டியோடு பட்ட பாட்டை அவருக்கு அடுத்தபடியாக முழுசாக அறிந்தவன் நான்தான்.

தேனியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பல் தேய்ந்து மொட்டையாகிப்போன ரிவர்ஸ் கியர்ச் சக்கரத்தை எடுத்துவிட்டுப் புதிது போட்டார்கள். வண்டி எடுக்கும் நாளில் பெரியவரும் வந்து பெயர் மாற்றும் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, "நான் ஒருதடவை பின்னால எடுத்துப் பாக்கட்டா தம்பி?" என்று கேட்டார்.

சாவியைக் கொடுத்தேன். ஒர்க்‌ஷாப் மைதானத்தில் கார் பின்பக்கமாகக் கிளம்பியது. பெரியவர் தலையை வெளியே நீட்டிச் சிரித்தபடி ஒரு சுற்று வந்தார், இரண்டாவது சுற்றும் வந்தார். மெக்கானிக் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டினார். மூன்றாவது சுற்றில் கார் நேராகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் முட்டியது. பின்விளக்கு இரண்டும் நொறுங்கின.

பெரியவர் இறங்கி வந்து தொட்டியைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், என் கையில் இருந்த ஃபாரத்தைப் பார்த்தார்.

"வண்டி இப்ப உங்க பேருல தம்பி" என்றார்.

விளக்கை நான்தான் மாற்றினேன்.