ஓரகத்தியின் வெள்ளை ஐரிஸ்

முனிரே சூரியகாந்தி விதை கொறித்தால் தோலைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் துப்புவாள். அந்தப் பக்கம் அவளுடைய ஓரகத்தி ஜெகினேயின் முற்றம். இருபத்தாறு வருடமாக ஜெகினே பெருக்கிக்கொண்டிருந்தாள். எதிர்க்காற்று அடிக்கும் நாளில்கூட ஒரு தோலும் குறி தப்பியதில்லை.

ஜெகினேயின் கணவன் ரிஃபத் இறந்த வருடம் பகை இன்னும் முற்றியது. துருக்கியில் எர்ஜியஸ் மலையடியில் இருக்கும் அந்த ஊரில் கபர் என்றால் புதைத்தவரின் தலைமாட்டில் வெள்ளை ஐரிஸ் பூச்செடி இருக்க வேண்டும். மொட்டைக் கபர் நாதியற்றவனுடையது. குடும்பத்துக்கான ஐரிஸ் கிழங்கு முழுவதும் மூத்தவளான முனிரேயின் தோட்டத்தில்தான் இருந்தது.

"அக்கா, ஒரே ஒரு கிழங்கு குடு. அவர் தலைமாடு மொட்டையா கெடக்கு."

"கெடக்கட்டும். கூடப்பொறந்த அண்ணன் மௌத்துக்கு வராதவன் அவன். என் புருஷனைத் தூக்கும்போது எங்கடி போயிருந்தான்? என் பூ அவனுக்கு எதுக்கு?"

அதில் பொய் இல்லை. வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் ரிஃபத் அண்ணனின் ஜனாஸாவுக்குப் போகவில்லை. அன்று அவனைத் தடுத்தாளா, போகச் சொன்னாளா என்று ஜெகினேவுக்கே இப்போது நிச்சயமில்லை.

கிழங்கு இல்லாவிட்டால் விதை என்று கபர்ஸ்தானில் வாடிய பூக்களைப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றில்கூடக் காய் இல்லை. வெறுங்கையோடு திரும்பியபோது முனிரே சுவரில் சாய்ந்து நின்றாள்.

"விதை தேடுனியாமே? அந்த வெள்ளைப் பூ காய்க்காதுடி. உன்னை மாதிரிதான்."

பிள்ளை இல்லாத ஜெகினே, வெள்ளை இல்லாவிட்டால் ஊதாவாவது இருக்கட்டும் என்று மலையேறினாள். மலைச்சரிவில் தானாக வளரும் ஊதா ஐரிஸின் காய்களைப் பறித்து வந்தாள். அக்டோபரில் ஐந்து சீஸ் டப்பாக்களில் விதைத்து, சுவரோரம் திறந்தவெளியில் வைத்தாள். பனியில் உறைந்து கிடந்தால்தான் அந்த விதை கண் திறக்கும். டப்பாக்களின் மேல் பனி ஏற ஏற அவளுக்கு நம்பிக்கையும் ஏறியது.

டிசம்பரில் கண் ஆபரேஷனுக்காகக் கய்சேரி நகரத்துக்குப் போனவள் ஆறு வாரம் தங்கை வீட்டில் இருந்துவிட்டாள். திரும்பியபோது சுவரோரம் காலி. டப்பாக்கள் முனிரேயின் கணப்படுப்புக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. மண் வெதுவெதுப்பாக, பூஞ்சணம் பூத்துக் கிடந்தது.

"குளிர்ல வெறச்சுச் செத்துடுமேன்னு எடுத்து வச்சேன். இதுக்கும் மூஞ்சத் தூக்கிட்டு நில்லு."

"வெளியதான் கெடக்கணும்னு ஊருக்கே தெரியும். உனக்குத் தெரியாதா?"

முனிரே ஒரு சூரியகாந்தி விதையைக் கடித்தாள். தோலை அன்று மட்டும் தன் உள்ளங்கையிலேயே துப்பிக்கொண்டாள்.

"தெரியாது."

வசந்தத்தில் ஒரு டப்பாவும் முளைக்கவில்லை. கோடை முடிவில் முனிரே இறந்தாள்.

பெட்டியைத் தூக்கும் முன் இமாம் வாசலில் நின்று, "இவங்க மேல உங்களுக்கு இருக்கிற பாத்தியதையை ஹலாலாக்கி மன்னிச்சு விடுறீங்களா?" என்று கேட்டார். மூன்று முறை கேட்பது வழக்கம். மூன்று முறையும் ஊர் "ஹலால்" என்றது. பக்கத்து வீட்டுக்காரி ஜெகினேயை முழங்கையால் இடித்தாள்.

"வாயத் தொறடி. செத்தவகிட்ட என்ன வீம்பு?"

ஜெகினேயின் உதடு பிரியவில்லை.

ஏழாம் நாள் முனிரேயின் மகள் நெவ்ரா கூடை நிறையக் கிழங்கோடு வந்தாள். "சித்தி, எடுத்துக்குங்க. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடுங்க. அம்மா கடனோட படுத்திருக்காங்க."

"உங்கம்மா கையால குடுத்தா வாங்கிக்கிறேன்."

நெவ்ரா கூடையைப் படியிலேயே விட்டுவிட்டு அழுதுகொண்டே போனாள். ஜெகினே அதைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் இறக்கி வைத்தாள்.

ரிஃபத்தின் தலைமாடு மொட்டையாகத்தான் இருக்கிறது. ஐந்து டப்பாவிலும் புது விதை போட்டு வெளியே வைத்தாயிற்று. பனி விழத் தொடங்கிவிட்டது. அவள் இன்னும் ஹலால் சொல்லவில்லை.