மாலையில் ஓய்வெடுக்கும் டவர்

போன கிழமை திருகோணமலை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு புது விளம்பரப் பலகை முளைத்திருந்தது. பச்சை இலை ஒன்று, இலையின் மேல் ஒரு செல்போன், பக்கத்தில் சிரிக்கும் குழந்தை. கீழே எழுத்து: 'எங்கள் டவர்கள் மாலையில் ஓய்வெடுக்கின்றன. காபன் புகையைக் குறைத்து, உங்கள் பிள்ளைகளுக்கு நல்ல காற்றைத் தருகிறோம்.'

நல்ல விஷயம்தானே? நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன் — அந்தப் பலகைக்குக் கீழே பரமேஸ்வரி அக்கா நிற்காமல் இருந்திருந்தால்.

மகனைத் தேடி ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போய்விட்டு வந்து பஸ்ஸுக்கு நின்றார். பலகையை வாசித்துக்கொண்டிருந்தார். 

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர் — உப்புவெளிக்கு வடக்கே, கடலோரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் ஒரு வேலையில் நிலைத்து நிற்பவன் இல்லை. ஐஸ் தொழிற்சாலை, அரிசி மில், லொறி கிளீனர்... இப்போது டீசல். செல்போன் டவர்களுக்கு டீசல் கொண்டுபோய் இறக்குகிறேன். கரண்ட் போனால் டவரடியில் இருக்கும் ஜெனரேற்றர் ஓடும். அது ஓடினால்தான் சிக்னல். அதைப் பார்த்துக்கொள்பவர் கிண்ணியா நசீர் நானா — முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் இருவருக்கும் மத்தியானச் சாப்பாடு பக்கத்து வளவு வீட்டில், பரமேஸ்வரி அக்காவிடம்.

அக்காவின் மகன் ரமணன். தச்சு வேலை. சிரிக்காமல் பகிடி விடுவான்.

"மாமா, கொஞ்சம் தள்ளி இருங்கோ. நீங்கள் மணக்கிற மணத்துக்கு அம்மாவின்ர அடுப்பு பத்தப்போகுது."

எங்கள் பக்கத்தில் சிக்னல் என்பது கதைக்க மட்டும் இல்லை. ஆட்களைப் பிடிக்கச் சுற்றிவளைப்பு என்றால் முதலில் சிக்னலை வெட்டுவார்கள், போன் செத்துவிடும். பிறகுதான் ட்ரக் சத்தம். யாருடைய ட்ரக் என்று நான் எழுதத் தேவையில்லை. ஆகவே போனில் சிக்னல் கோடுகள் மறைந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை. பெண்கள் கோயிலுக்கு. பெடியள் சைக்கிளில் ஊருக்கு வெளியே. ரமணன் பாலையூற்றில் சின்னம்மா வீட்டுக்குப் போய் விடிய வருவான். பலமுறை போய், பலமுறை வந்தவன்.

சில மாதங்களுக்கு முன் கொம்பனியிலிருந்து ஒரு இளம் அதிகாரி வந்தார். தன்மையான மனிதர். பூமி சூடாகிறது, கடல் ஏறுகிறது என்று பொறுமையாக விளக்கினார். கொம்பனி ஒரு காலநிலை இலக்கு வைத்திருக்கிறதாம். சில வருடங்களில் தன் புகையைப் பாதியாக்க வேண்டுமாம். அதனால் பாவனை குறைந்த டவர்களில், பின்னேரம் கரண்ட் போனாலும் இனி ஜெனரேற்றர் போட வேண்டாம்.

"கடல் ஏறினா முதல்ல போறது உங்கட இந்தக் கரைதானே, நானா" என்றார்.

"அதுவரைக்கும் இதில ஆக்கள் இரிப்பாங்களா, சேர்?" என்றார் நானா.

அதிகாரி சிரித்தார். நானா சிரிக்கவில்லை.

ஊருக்கு அறிவித்தல் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அறிவித்தலுக்கு முன் கரண்ட் போய்விட்டது.

மறுநாள் பின்னேரம் அது. வேலை இல்லாததால் நானா நேரத்தோடு கிண்ணியாவுக்குப் போய்விட்டார். நான் வேறு டவருக்கு டீசல் இறக்கப் போயிருந்தேன். டவரின் பழைய பற்றரி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுப் படுத்துவிட்டது. சிக்னல் போயிற்று. ரமணன் அப்போதுதான் சாப்பிட இருந்தானாம். அக்கா பிறகு சொன்னதுதான் இது.

"லைற் போனதுக்கு ஏனம்மா பதறுறீங்கள்?"

"லைற் மட்டும் இல்லையடா, சிக்னலும் போட்டுது. எழும்பு, சைக்கிளை எடு."

"ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போறன்."

"சின்னம்மா வீட்டிலயும் சோறு இருக்கு. போ."

போனான். ட்ரக் ஒன்றும் வரவில்லை. காலையில் கோயிலிலிருந்து எல்லோரும் வீடு திரும்பினார்கள். ரமணன் பாலையூற்றுக்குப் போய்ச் சேரவே இல்லை. அவன் சைக்கிள் உப்புவெளிச் சந்திக்குக் கிட்ட, ஒரு வேலியில் சாத்தி நின்றது.

போய்ச் சேர்ந்தானா என்று அன்றைக்கே சின்னம்மாவைக் கேட்டிருக்கலாம். எதில் கேட்பது?

அக்கா போகாத முகாம் இல்லை. ஒன்றில் மட்டும் உறுதியாக நின்றார். "வீட்டில இருந்திருந்தா என்ர கண்ணுக்கு முன்னால பிடிச்சிருப்பாங்கள். வரத்தான் வெளிக்கிட்டவங்கள், ஏனோ திரும்பிட்டாங்கள்." அந்த நினைப்பில்தான் அவர் எழும்பி உலை வைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சிக்னல் போனது ஜெனரேற்றர் போடாததால்தான் என்பது ஊருக்கு மெல்லத் தெரிந்தது. கூடிப் பேசாமலே எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள் — அக்காவுக்குச் சொல்வதில்லை. பின்னேரம் சிக்னல் போனால் அக்கா கோயிலுக்குப் புறப்படுவார். பக்கத்து வீட்டுப் பெண்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாததுபோல், கூடப் போவார்கள்.

இப்போது இந்தப் பலகை.

"தம்பி, இது எங்கட டவரையும் சேத்தோ?"

"ஓம் அக்கா."

"எப்ப இருந்து?"

நான் பஸ் வருகிற பக்கம் பார்த்தேன். அதுவே பதிலாயிற்று.

"அப்ப... அண்டைக்கு எங்களைப் பிடிக்க ஒருத்தரும் வெளிக்கிடேல்லை."

 பஸ்ஸில் உப்புவெளிச் சந்தி தாண்டும்வரை அக்கா மற்றப் பக்கம் பார்த்தபடி இருந்தார். இறங்கியதும் நேரே டவருக்குப் போனார். ஏச வருகிறார் என்று நினைத்து நானா எழும்பி நின்றார்.

"நானா, பின்னேரத்தில இந்த மிசினைப் போட ஏலாதோ? அவன் எனக்குப் போன் எடுத்தா அந்த நேரத்திலதான் எடுப்பான். வேலை முடியிற நேரம்."

நானா நிலத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பழுதாகாம இடைக்கிடை சோதிச்சுப் பார்க்கச் சொல்லியிரிக்காங்க, தங்கச்சி. கொஞ்சம் நீளமாச் சோதிப்பம்."

பூமி சூடாவது பொய் என்று சொல்ல வரவில்லை. கடல் எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்று எங்கள் வள்ளக்காரருக்குத் தெரியும். அந்த அதிகாரி சொன்னதில் ஒரு சொல்லும் பிழை இல்லை.

ஆனால், இப்போதெல்லாம் பின்னேரம் கரண்ட் போனால் டவரடியில் கறுப்புப் புகை கிளம்புகிறது. அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருக்கிறார்.

கொம்பனியின் இலக்கு கொஞ்சம் பிந்தும். காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.